மண் கணக்கு வயலுக்குப் போன வழி

அமெரிக்க ஒன்றிய அரசு தன் நாட்டு மண்ணை வரைபடத்தில் பதியும் வேலையை 1899-இல் தொடங்கியது. முதல் ஆண்டில் எடுத்துக்கொண்டவை நான்கே இடங்கள்: நியூ மெக்சிகோவின் பேக்கோஸ் பள்ளத்தாக்கு, யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கு, கனெக்டிகட் பள்ளத்தாக்கு, மேரிலாந்து மாநிலத்தின் செசில் கவுண்டி. கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. மண் ஆய்வாளர்கள் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். துளைகோலைத் திருகித் தரைக்குள் இறக்குவார்கள். ஏறி வந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, மணற்பாங்கா வண்டலா களியா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒரு மண் வகையை முதலில் எந்த இடத்தில் கண்டார்களோ அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். செசில் கவுண்டியின் பெயரைப் பெற்ற செம்மண் பல தெற்கு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. இன்றும் அது செசில் மண்தான்.

இந்த வேலையை நடத்தியவர் மண் துறைத் தலைவர் மில்டன் விட்னி. மண்ணின் விளைச்சல் அதிலுள்ள சத்தைவிட அதன் துகளமைப்பையும் அது நீரைப் பிடித்துவைக்கும் விதத்தையுமே சார்ந்தது என்பது அவருடைய கொள்கை. 1903-இல் அவரும் பிராங்க் கேமரனும் வெளியிட்ட அறிக்கை, எந்த மண்ணிலும் பயிருக்கு வேண்டிய சத்து போதுமான அளவு இருக்கிறது என்றது. கலிபோர்னியாவிலிருந்து யூஜீன் ஹில்கார்டும் இலினாயிலிருந்து சிரில் ஹாப்கின்சும் கடுமையாக மறுத்தார்கள். விட்னி அசையவில்லை. 1909-இல் துறை வெளியிட்ட நாடு தழுவிய மண் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நாட்டின் சொத்துகளுக்குள் அழியாததும் தீராததும் மாறாததும் மண் ஒன்றே என்று அது எழுதிவைத்தது. அரசு முத்திரையோடு அச்சான வாக்கியம் அது. மண்ணறிவைப் பரப்பவே ஏற்பட்ட அலுவலகம் முதலில் பரப்பியவற்றில் இந்தப் பிழையும் ஒன்று என்பது இந்த வரலாற்றில் மறைக்க முடியாத பகுதி.

அதே துறையில் 1903 முதல் வேலை பார்த்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் ஒரு பருத்திப் பண்ணையில் 1881-இல் பிறந்தவர். 1905-இல் அவரையும் வில்லியம் மெக்லெண்டனையும் வர்ஜீனியாவின் லூயிசா கவுண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே விளைச்சல் குறைந்துபோனதற்குக் காரணம் கண்டுவர வேண்டும். ஒரே சரிவில் இரண்டு துண்டு நிலங்கள் அடுத்தடுத்து இருந்தன. காடாக விட்டிருந்த துண்டில் மண் பொலபொலவென்று ஈரமாக, கையாலேயே தோண்டும்படி இருந்தது. பல தலைமுறையாக உழுத துண்டிலோ மேலேயே களி கெட்டித்துக் கிடந்தது. இரண்டும் ஒரே பாறையிலிருந்து வந்த ஒரே மண். உழுத நிலத்தில் மேல்மண் முழுவதும் போய், அடிமண் வெளியே வந்திருந்தது. ஓடையோ பள்ளமோ எங்கும் தெரியவில்லை. ஒவ்வொரு மழையும் ஒரு தாள் கனத்துக்கு நிலம் முழுவதும் சீவிக்கொண்டு போயிருந்தது. பள்ளம் விழுந்தால் உழவர் கண்ணில் படும். இந்தப் படல அரிப்பு அவர் கண்ணுக்கே படாமல் நடக்கும். அதனால்தான் அது அதிக ஆபத்து.

பென்னட் இதை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர் சிலர். 1928-இல் வேளாண் துறை சுற்றறிக்கையாக, டபிள்யூ. ஆர். சாப்லினோடு சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே வந்த கேடு என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். அதைப் படித்தவர்களுள் டெக்சாஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் புகானன் ஒருவர். அவர் கொண்டுவந்த திருத்தத்தால் அடுத்த ஆண்டு அரிப்பு ஆராய்ச்சிக்கு 1,60,000 டாலர் ஒதுக்கினார்கள். ஓக்லஹோமாவின் கத்ரி, டெக்சாசின் டெம்பிள், மிசூரியின் பெத்தனி, விஸ்கான்சினின் லா கிராஸ் என்று பத்து இடங்களில் நிலையங்கள் எழுந்தன.

அந்த நிலையங்களில் நடந்தது எளிய வேலைதான். மிசூரி வேளாண் கல்லூரியில் எம். எஃப். மில்லர் 1917 முதலே இந்த முறையில் அளந்துவந்தார். சரிவில் ஆறடி அகலமும் 72.6 அடி நீளமும் உள்ள பாத்தி. அளவெடுத்துப் பெருக்கினால் ஓர் ஏக்கரில் சரியாக நூறில் ஒரு பங்கு. சுற்றிலும் தகடு அடித்து, வெளி நீர் உள்ளே வராமல் மறித்திருப்பார்கள். கீழ் முனையில் தொட்டி. மழை நின்றதும் தொட்டியில் சேர்ந்த நீரை அளந்து, படிந்த மண்ணைக் காயவைத்து நிறுப்பார்கள். ஒரு பாத்தியில் ஆண்டுதோறும் சோளம், ஒன்றில் பருத்தி, ஒன்றில் புல், ஒன்று வெறுமையாக. ஐந்தாறு ஆண்டுகளில் எண்கள் பேசத் தொடங்கின. புல் மூடிய பாத்தியில் தொட்டி கிட்டத்தட்டக் காலி. வரிசைப் பயிர் நின்ற பாத்தியில் டன் கணக்கில் மண். நூறில் ஒரு பங்கு என்பதால் எவரும் மனக்கணக்காகவே ஏக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆராய்ச்சியாளர் பேச்சு உழவரின் காதில் ஏற, இந்த அளவு பெரிதும் உதவியது.

நாட்டின் மேற்கே இதற்குள் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. நூறாவது மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி மழை ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் கீழே இறங்குகிறது, அதற்கு மேற்கே கிழக்குப்புற உழவு முறை எடுபடாது என்று ஜான் வெஸ்லி பவல் 1878-இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார். குடியேறுவோருக்கு 1862 சட்டம் 160 ஏக்கர் கொடுத்தது. மேய்ச்சல் பண்ணை என்றால் 2,560 ஏக்கராவது வேண்டும், எல்லைகளை நீர் கிடைக்கும் இடத்தைப் பார்த்து வகுக்க வேண்டும் என்பது பவலின் யோசனை. நிலவியல் அளவைத் துறையின் தலைவராக இருந்தும் அவர் பேச்சு நாடாளுமன்றத்தில் ஏறவில்லை. நிலம் விற்கக் காத்திருந்த ரயில் கம்பெனிகளுக்கும் நகர வணிகர்களுக்கும் இனித்தது வேறு கருத்து: மக்கள் போய் உழுதால் மழை தானே பின்னால் வரும். 1880-களில் நல்ல மழை பெய்த சில ஆண்டுகள் அதற்குச் சாட்சியாக நின்றன.

அந்த நம்பிக்கை பொய்த்த பிறகு அதன் இடத்தில் மானாவாரி விஞ்ஞானம் என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. தெற்கு டகோட்டா உழவரான ஹார்டி கேம்பல் அடிமண்ணை இறுக்கி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கி வைக்கச் சொன்னார். அந்தப் புழுதிப் போர்வை கீழிருக்கும் ஈரம் ஆவியாகாமல் காக்கும் என்பது அவர் வாதம். புழுதி உழவு தமிழ்நாட்டு மானாவாரிக்காரருக்கும் புதிதல்ல. ஆனால் இங்கே துண்டு துண்டாக, வரப்பும் மரமும் இடையிட்ட வயலில் செய்தது, அங்கே தடுப்பே இல்லாத சமவெளியில் பல மைல்களுக்குப் பரவியது. ரயில் கம்பெனிகள் கேம்பலைக்கொண்டு மாதிரிப் பண்ணைகள் வைத்தன. அவருடைய கையேடு பல பதிப்புகள் கண்டது. பவலின் அறிக்கைக்குக் கிடைக்காத வாகனம் கேம்பலுக்குக் கிடைத்தது. 1914-18 போரில் கோதுமை விலை ஏறியதும், பிறகு டிராக்டரும் வட்டுக் கலப்பையும் வந்ததும், தென் சமவெளியின் புல்தரை வேகமாகக் கோதுமை வயலானது. 1931-இல் விளைச்சல் கொட்டியது, விலை விழுந்தது. அதையடுத்து மழையும் போனது.

1934 மே மாதம் எழுந்த ஒரு புழுதிப் புயல் சிகாகோவையும் நியூயார்க்கையும் தாண்டி அட்லாண்டிக் கடலில் போன கப்பல்களின் மேல் மண்ணைத் தூவியது. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை வீசிய புயலில் ஓக்லஹோமாவிலும் டெக்சாசின் வட முனையிலும் பட்டப்பகல் இருண்டது. அதை நேரில் கண்டு செய்தி அனுப்பிய ராபர்ட் கைகர் என்ற நிருபரின் எழுத்தில்தான் அந்தப் பகுதிக்குப் புழுதிக் கிண்ணம் என்ற பெயர் முதலில் அச்சேறியது. பென்னட்டின் வாழ்க்கையை எழுதிய வெலிங்டன் பிரிங்க் அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்ன பென்னட், புயல் தலைநகரை நோக்கி வருவதை முன்கூட்டித் தெரிந்துவைத்துக்கொண்டு, பேச்சை வேண்டுமென்றே இழுத்தாராம். ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கும்வரை. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஏப்ரல் 27 அன்று மண் காப்புத் துறையை வேளாண் அமைச்சகத்தின் நிரந்தரப் பிரிவாக்கும் சட்டம் நிறைவேறியதும், பென்னட் அதன் தலைவரானதும் பதிவில் உள்ளவை. 1951 வரை அந்தப் பதவியில் அவர் இருந்தார்.

ஆனால் வேலை சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1933 செப்டம்பரில் உள்நாட்டு அமைச்சகம், வேலையில்லாதோருக்கு வேலை தரும் நிதியிலிருந்து 50 லட்சம் டாலரை எடுத்து, மண் அரிப்புச் சேவை என்ற தற்காலிக அமைப்பைப் பென்னட்டிடம் ஒப்படைத்திருந்தது. அந்தப் பணத்தில் துண்டறிக்கை அடித்து நாடெங்கும் வீசியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சில நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, அங்கே முழுவதுமாக வேலை செய்து காட்டுவது என்று முடிவெடுத்தார்.

செய்து காட்டும் இந்த முறைக்கு முன்னோடி சீமன் நாப். 1903-இல் டெக்சாசின் டெரல் ஊரில், ஒரு உழவரின் சொந்த நிலத்திலேயே, அவரையே கொண்டு புதிய முறையில் பருத்தியும் சோளமும் பயிரிட வைத்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் முன்பணம் திரட்டி வைத்தார்கள், நட்டம் வரவில்லை. அரசுப் பண்ணையில் அரசுக் காசில் விளைந்ததை எந்த உழவரும் நம்பமாட்டார், பக்கத்து வயலில் பக்கத்து வயல்காரர் விளைவித்ததையே நம்புவார் என்பது நாப் கண்ட உண்மை. 1914-இன் ஸ்மித்-லீவர் சட்டம் இதைப் பற்றிக்கொண்டு, வேளாண் கல்லூரிகள் வழியாகக் கவுண்டிதோறும் விரிவாக்க அலுவலர் இயங்க நிதி தந்தது.

பென்னட் முதலில் தேர்ந்த இடம் விஸ்கான்சினின் கூன் பள்ளத்தாக்கு. லா கிராஸ் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் எண்களும் ஆட்களும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தார்கள். செங்குத்தான சரிவுகள், அவற்றின் மேல் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பால் பண்ணைகள். வயல்கள் சதுரமாக இருந்தன. உழவுசால் மேலிருந்து கீழாக ஓடியது. ஒவ்வொரு கோடை மழையிலும் சால் வாய்க்காலாகி, வாய்க்கால் பள்ளமாகி, பள்ளத்து மண் கீழே ஓடையை மூடியது. மாடுகள் காட்டுக்குள் மேய்ந்ததால் மேட்டு நிலமும் நீரைப் பிடிக்கவில்லை.

அங்கே நடந்த முறை கவனிக்கத்தக்கது. பயிரியல் தெரிந்தவர், பொறியாளர், வனவியலாளர், மண் ஆய்வாளர் எல்லாரும் சேர்ந்து ஒரு பண்ணையைச் சுற்றி நடந்தார்கள். கையில் வானிலிருந்து எடுத்த படம். அதன்மேல் மண் வகை, சரிவு, இதுவரை போன மேல்மண்ணின் அளவு ஆகியவற்றைக் குறித்தார்கள். பிறகு பண்ணைக்காரரோடு உட்கார்ந்து எந்த வயல் எங்கே போக வேண்டும் என்று பேசித் திட்டம் போட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம்: அவர் திட்டப்படி பயிரிடுவார், செங்குத்துச் சரிவிலும் காட்டிலும் மாட்டை விடமாட்டார், அரசு விதை, உரம், வேலிக் கம்பி, வேலைக்கு, வேலையில்லா இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாமின் ஆட்கள் எல்லாம் தரும். சதுர வயல்கள் கலைந்து, சரிவைச் சுற்றி வளைந்து போகும் பட்டைகளாயின. ஒரு பட்டை சோளம், அடுத்தது குதிரைமசால், அதற்கடுத்தது தானியம். சோளப் பட்டையில் அரிந்த மண்ணைக் குதிரைமசால் பட்டை பிடித்துக்கொள்ளும். பள்ளத்தாக்கின் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி கையெழுத்திட்டன. ஆலோசகராக இருந்த ஆல்டோ லியோபோல்ட் 1935-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவரை ஈர்த்தது ஒரே விஷயம்: அதுவரை ஒவ்வொரு அரசுத் துறையும் தன் தன் மருந்தைத் தனித்தனியே கொடுத்துவந்தது, இங்கேதான் ஒரே நிலத்தின் மேல் எல்லாரும் சேர்ந்து நின்றார்கள்.

அதே ஆண்டுகளில் அதே அமைப்பு தென்மேற்கில் நவஹோ மக்களின் நிலத்தில் இறங்கியது, அங்கே நடந்தது நேர்மாறு. புதிதாகக் கட்டிய ஹூவர் அணைக்கு வரும் வண்டலில் பெரும்பங்கு நவஹோ மேய்ச்சல் நிலங்களிலிருந்து வருகிறது, ஆடுகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று அந்த அமைப்பு கணக்குச் சொன்னது. கணக்கு முழுப் பொய் அல்ல. ஆனால் பூர்வகுடிகள் விவகார ஆணையர் ஜான் கோலியரின் நிர்வாகம் அதை மக்களோடு பேசித் தீர்க்காமல் ஆட்டு எண்ணிக்கையை மேலிருந்து குறைத்தது. வாங்கிய வெள்ளாடுகள் பலவற்றைக் கொண்டுபோகவும் வழியில்லாமல் அங்கேயே சுட்டுப்போட்டார்கள். நவஹோ குடும்பத்தில் மந்தை பெரும்பாலும் பெண்களின் சொத்து. பேச்சுவார்த்தையோ ஆண்கள் அமர்ந்த மன்றத்தில் நடந்தது. வறட்சிக்கும் தழைப்புக்கும் ஏற்ப மேய்ச்சலை இடம் மாற்றிவந்த அவர்களுடைய அறிவை எவரும் கேட்கவில்லை. 1935 ஜூனில் கோலியர் கொண்டுவந்த சுயாட்சிச் சட்டத்தை நவஹோ மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். ஆட்டுக் குறைப்பின் கசப்பு அதில் பெரும் காரணம். அந்த நினைவு இன்றும் அங்கே ஆறவில்லை.

தென் சமவெளியில் காற்றரிப்பைத் தடுக்கும் வேலை ஹாவர்ட் ஃபின்னலிடம் போனது. ஓக்லஹோமாவின் குட்வெல் ஊரில் 1920-களிலேயே அவர் ஆய்வுசெய்து, வரப்பிட்டுச் சம உயரத்தில் உழுத நிலம் விழுந்த மழையை விடாமல் பிடிக்கிறது என்று கண்டிருந்தார். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டெக்சாசின் அமரில்லோவிலிருந்து அவர் நடத்திய திட்டத்தில், புழுதிப் போர்வை போய், ஆழமான சாலும் உயர்ந்த கரையும் மாறிமாறி வரும் உழவு வந்தது. அறுத்த தாளை எரிக்காமல் நிலத்திலேயே விடச் சொன்னார்கள். கைவிட்ட பண்ணைகளில் ஒரு பகுதியை அரசு விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது. அவை இன்று தேசியப் புல்வெளிகள். வனத்துறை 1934 முதல் 1942 வரை வட டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரங்களைக் காற்றுத்தடுப்பு வரிசைகளாக நட்டது. புழுதி அடங்கியதற்கு இவை காரணமா, மழை திரும்பியது காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். டொனால்ட் வொர்ஸ்டர் 1979-இல் எழுதிய நூல் பழியை ஆசை பிடித்த உழவுமேல் போட்டது. ஜெஃப் கன்ஃபர் பின்னால் கவுண்டிவாரியாக உழுத பரப்பைக் கணக்கெடுத்து, வறட்சியே முதல் காரணம் என்றார். இரண்டாமவரின் எண்கள் வலுவானவை. ஆனால் வறட்சி வந்த நேரத்தில் நிலம் மூடாமல் கிடந்ததை எந்த எண்ணும் மறைக்காது.

மாதிரிப் பகுதிகள் எத்தனை வைத்தாலும் நாடு முழுவதையும் எட்டாது. தனியார் நிலத்துக்குள் ஒன்றிய அரசு எந்த உரிமையோடு நுழைவது என்ற கேள்வியும் இருந்தது. விரிவாக்கப் பணி நடத்திய வேளாண் கல்லூரிகள், தங்கள் களத்தில் புதிய துறை நுழைவதை விரும்பவில்லை. இதற்கு வழியாக வந்ததுதான் மண் காப்பு வட்டாரம். சட்டத்தின் மாதிரி வரைவை அதிபர் ரூஸ்வெல்ட் 1937 பிப்ரவரியில் எல்லா ஆளுநர்களுக்கும் அனுப்பினார். நிலம் வைத்திருப்போர் 25 பேர் மனு கொடுக்கலாம். பொது விசாரணை, வாக்கெடுப்பு நடக்கும். வென்றால் ஐந்து பேர் குழு வட்டாரத்தை நடத்தும். துறையின் நிபுணர் அந்தக் குழு அழைத்தால் வருவார். முதல் வட்டாரம் 1937 ஆகஸ்ட் 4 அன்று பென்னட்டின் சொந்த ஊர்ப் பக்கமான ஆன்சன் கவுண்டியில், பிரவுன் ஓடையை ஒட்டி அமைந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 3,000 வட்டாரங்கள் உள்ளன. வாக்கெடுப்பால் நிலப் பயன்பாட்டை முறைப்படுத்தும் அதிகாரமும் மாதிரிச் சட்டத்தில் இருந்தது. பல மாநிலங்கள் அதை எடுத்துவிட்டன, வைத்தவையும் அரிதாகவே பயன்படுத்தின. குறை இன்னொன்றும் உண்டு. 1935-இல் நாட்டின் பண்ணைகளில் 42 விழுக்காடு குத்தகைக்காரர் கையில் இருந்தன. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் ஐந்தாண்டு ஒப்பந்தம் போடுவது எப்படி?

வட்டார அலுவலரின் கையில் இருந்த முக்கியக் கருவி நிலத் தகுதி வரைபடம். மண் ஆய்வாளரின் நூற்றுக்கணக்கான மண் பெயர்களை உழவர் நினைவில் வைக்க முடியாது. அவற்றை எட்டு வகுப்பாகச் சுருக்கி, வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். முதல் வகுப்பு பச்சை, தடையின்றி உழலாம். இரண்டாவது மஞ்சள், கொஞ்சம் கவனம் வேண்டும். மூன்றாவது சிவப்பு, கவனம் மிக வேண்டும். நான்காவதான நீலம் வரை உழலாம், அதற்கு மேல் புல்லும் காடும்தான். நுட்பமெல்லாம் போய்விட்டது என்று மண்ணியலாளர் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் தன் வயலில் எங்கே சிவப்பு முடிந்து நீலம் தொடங்குகிறது என்று படிக்கத் தெரியாத உழவரே இல்லை. இந்தியாவின் நில அளவாய்வும் இதே எட்டு வகுப்பை எடுத்துக்கொண்டது. மண் காப்புக்கென நீலகிரியில் உதகமண்டலத்தில் 1954-இல் தொடங்கிய நடுவண் அரசு நிலையம், பெயரிலேயே ஆராய்ச்சி, செயல்விளக்கம், பயிற்சி என மூன்றையும் தாங்கிவந்தது. உருளைக்கிழங்கு பயிரிட்ட மலைச்சரிவுகளில் படித்தளம் வெட்டும் முறைகள் அங்கே சோதனைக்கு வந்தன.

பாத்திகளில் சேர்ந்த எண்களுக்கு என்ன ஆயிற்று? நிலையந்தோறும் பேரேடுகளில் அவை தூங்கின. 1954-இல் இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு தரவு மையம் அமைத்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தார்கள். வால்டர் விஷ்மெயரும் டுவைட் ஸ்மித்தும் 10,000-க்கு மேற்பட்ட பாத்தி-ஆண்டுகளின் பதிவைத் துளையட்டையில் ஏற்றி, 1965-இல் ஒரு கையேட்டை வெளியிட்டார்கள். மழையின் வேகம், மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் செங்குத்தும், பயிரின் மூடாப்பு, வரப்பு போன்ற தடுப்பு: இவற்றுக்கான எண்களைப் பெருக்கினால் ஏக்கருக்கு ஆண்டுக்கு எத்தனை டன் மண் போகும் என்று கிடைக்கும். வட்டார அலுவலர் வயலோரத்தில் நின்றபடியே அட்டவணையைப் பார்த்துச் சொல்லலாம். சோளத்துக்குப் பதிலாகப் புல் போட்டால் எவ்வளவு, வரப்பிட்டால் எவ்வளவு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டலாம். ஆலோசனைக்காகப் பிறந்த சமன்பாடு அது.

இருபதாண்டுகளில் அது சட்டத்துக்குள் போனது. 1970-களில் தானிய ஏற்றுமதி பெருகி, வேலியோரம்வரை உழுது, 1930-களில் நட்ட காற்றுத்தடுப்பு மரங்களையும் பல இடங்களில் பிடுங்கியிருந்தார்கள். அதற்கு மறுவினையாக வந்த 1985 வேளாண் சட்டம், எளிதில் அரியும் நிலம் எது என்பதை இந்தச் சமன்பாட்டின் எண்களைக்கொண்டே வரையறுத்தது. அத்தகைய நிலத்தில் பயிரிடுவோர் 1990-க்குள் காப்புத் திட்டம் வகுக்க வேண்டும், 1995-க்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் அரசு உதவித்தொகை கிடையாது. அரிப்பு குறைந்தது: தேசிய வள அளவாய்வின்படி, உழும் நிலத்தில் 1982-க்கும் 2007-க்கும் இடையே 43 விழுக்காடு. ஆனால் அரைநூற்றாண்டாகத் தேநீர் குடித்துப் பேசிவிட்டுப் போன அலுவலர் இப்போது சரிபார்க்கவும் வந்தார். 1994-இல் துறையின் பெயர் இயற்கை வளக் காப்புச் சேவை என்று மாறியது. 2005-இல் மண் வரைபடங்கள் இணையத்தில் ஏறின. எந்த வயலின் மேலும் கோடு வரைந்து அதன் மண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளலாம். 2008 வேளாண் சட்டத்தின் 1619-ஆம் பிரிவோ, எந்தப் பண்ணைக்காரர் எந்தத் திட்டத்தில் சேர்ந்து என்ன செய்தார் என்ற விவரத்தை வெளியாருக்கு மூடியது. மண்ணைப் பற்றிய தகவல் பொதுச்சொத்து, அதன்மேல் நடப்பது தனிச்செய்தி என்று கோடு விழுந்தது.

கூன் பள்ளத்தாக்கின் கணக்கோ தொடர்ந்து வெளியே கிடைத்தது. 1930-களின் இறுதியில் ஸ்டாஃபர்ட் ஹேப்பும் உடன் வேலை செய்தவர்களும் பள்ளத்தாக்கின் குறுக்கே அளவுக்கோடுகள் போட்டு, முனைகளில் நிலையான அடையாளம் நட்டுப் போயிருந்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து ஸ்டான்லி டிரிம்பிள் அதே கோடுகளில் மீண்டும் அளந்தார். மேட்டு நிலத்து அரிப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. வளைந்த பட்டைகள் அங்கே நிலைத்திருந்தன. ஓடைகளில் டிரௌட் மீன் திரும்பியிருந்தது. 1960-களில் வெள்ளம் தடுக்க அதே மேடுகளில் கட்டிய சிறு அணைகளில் மூன்று 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் உடைந்தன. அணைகளைத் திரும்பக் கட்டுவதா, எஞ்சியவற்றையும் எடுத்துவிடுவதா என்ற ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, பள்ளத்தாக்கின் மக்கள் சேர்ந்து ஒரு நீர்ப்பிடிப்பு மன்றம் அமைத்தார்கள். அவர்கள் கூட்டங்களில் பேசியது மேட்டில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது பற்றி: மூடுபயிர், மேய்ச்சலை இடம் மாற்றுவது, எந்தச் சரிவில் எதை உழாமல் விடுவது.